செருப்பும் விமானமும் ஒரே ‘டேக் ஆஃப்’

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கிறீர்கள். சீருடைக்காரர் உங்கள் காலைக் காட்டி, “டேக் ஆஃப் யுவர் ஷூஸ்” என்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் ஓடுபாதையில் விரைந்து மேலே எழும்புகிறது. உங்களுக்கு முன்னால் நிற்பவர் கைப்பேசியில் யாரிடமோ, “த ப்ளேன் டுக் ஆஃப்” என்கிறார். இன்னொருவர் தன் மகனின் கடையைப் பற்றிப் பெருமையடிக்கிறார்: “த பிஸினஸ் டுக் ஆஃப்.”

காலணி, விமானம், கடை. மூன்றுக்கும் ஒரே ‘டேக் ஆஃப்’.

அகராதியைப் புரட்டினால் ‘டேக்’ என்பதற்கு ‘எடு’ என்று இருக்கும். ‘ஆஃப்’ என்பதற்கு ‘விலகி’, ‘அப்பால்’ என்று இருக்கும். இரண்டையும் கூட்டினால் காலணியைக் கழற்றுவது ஓரளவு பிடிபடுகிறது. விமானத்துக்கு என்ன சொல்வது? அங்கே யார் எதை எடுத்தார்கள்?

இப்படி ஒரு வினைச்சொல்லும் அதன் பின்னால் ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’, ‘டவுன்’ போன்ற ஒரு சிறுசொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். பள்ளியில் இதற்கு ஒரு பட்டியல் தருவார்கள். இடப்பக்கம் ஃப்ரேசல் வெர்ப், வலப்பக்கம் பொருள், தேர்வுக்கு முன் மனப்பாடம். எனக்கு இந்தப் பட்டியல்மேல் நம்பிக்கை குறைவு. பொருள் தெரிந்தவர்கள்கூட வாக்கியத்தில் வைக்கும்போது தடுமாறுகிறார்கள். ஆய்வகத்தில் ஒரு திரவம் அமிலமா காரமா என்று தெரியவில்லை என்றால் யாரும் பட்டியலைத் தேடி ஓடுவதில்லை; லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்கிறோம். சொற்களுக்கும் அப்படிச் சில சோதனைகள் உண்டு. காகிதமும் பென்சிலும் உங்கள் வாயும் போதும். ‘டேக் ஆஃப்’பை வைத்தே செய்து பார்ப்போம்.

‘எதை?’ என்று கேளுங்கள்

“டேக் ஆஃப் யுவர் ஷூஸ்.” எதை? ஷூவை. பதில் கிடைத்துவிட்டது.

“த ப்ளேன் டுக் ஆஃப்.” எதை? பதில் இல்லை. விமானம் எதையும் எடுக்கவில்லை, தானே எழும்பியது.

தமிழ் வகுப்பில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று படித்திருப்பீர்கள். அந்த வேறுபாடுதான் இது. ஆனால் தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது. சக்கரம் கழன்றது, சக்கரத்தைக் கழற்றினான். பந்து உருண்டது, பந்தை உருட்டினான். தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பதை வினையின் உருவமே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் ‘டுக் ஆஃப்’ இரண்டு இடத்திலும் அச்சு மாறாமல் நிற்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? விமானி விமானத்தைக் கிளப்பினார் என்று சொல்ல நினைத்து, “த பைலட் டுக் ஆஃப் த ப்ளேன்” என்று எழுதிவிடுவோம். படிப்பவர் கண்ணில் விமானி சட்டையைக் கழற்றுவதுபோல் விமானத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். “த பைலட் டுக் ஆஃப் அட் சிக்ஸ்” என்றால் சரி. ஆறு மணிக்குக் கிளம்பினார், அவ்வளவுதான்.

இரண்டு பொருளும் வெகுதூரத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் ஓர் இடத்தில் தொட்டுக்கொள்கின்றன. ‘ஆஃப்’ என்பது ஒட்டியிருந்த ஒன்று விடுபடுவதைச் சொல்கிறது. காலோடு ஒட்டியிருந்த ஷூ காலை விடுகிறது. தரையோடு ஒட்டியிருந்த சக்கரம் தரையை விடுகிறது. விமானம் ஓடுபாதையில் ஏன் அவ்வளவு தூரம் ஓடுகிறது தெரியுமா? இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மாறாமல் இருந்தால், வேகம் இரண்டு மடங்காகும்போது தூக்குவிசை நான்கு மடங்காகும். அது விமானத்தின் எடையை மிஞ்சியதும் சக்கரம் தரையை விட்டுவிடும். அந்தக் கணத்துக்குத்தான் ‘டேக் ஆஃப்’ என்று பெயர்.

ஆனால் இந்தப் பெயர் விமானத்துக்காகப் பிறந்தது அல்ல. ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் அருகே 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி, 120 அடி பறந்தார்களே, அதற்கும் முன்பே தாண்டுவதற்கு ‘டேக் ஆஃப்’ என்று சொல்லிவந்தார்கள். அந்த வழக்கு இன்னும் உங்கள் பள்ளி மைதானத்தில் இருக்கிறது. நீளம் தாண்டும் போட்டியில் மணல் குழிக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பலகை பதித்திருக்கும், 20 சென்டிமீட்டர் அகலம். அதன் பெயர் டேக் ஆஃப் போர்டு. காலை அதில் ஊன்றி எழும்ப வேண்டும். முனை தாண்டினால் ஃபவுல்.

ராக்கெட்டுக்கு மட்டும் வேறு சொல். சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று கிளம்பியபோது அதை ‘லிஃப்ட் ஆஃப்’ என்றார்கள். ராக்கெட் ஓடுபாதையில் ஓடுவதில்லை, இறக்கையை நம்புவதும் இல்லை. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே தூக்கப்படுகிறது. ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியது ‘டச் டவுன்’. ‘ஆஃப்’பில் விட்ட தொடர்பு ‘டவுன்’னில் மறுபடி கிடைக்கிறது.

இடத்தை மாற்றிப் பாருங்கள்

இனிதான் வேடிக்கை. கீழே உள்ளவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

“டேக் ஆஃப் யுவர் ஷூஸ்.”
“டேக் யுவர் ஷூஸ் ஆஃப்.”

இரண்டும் சரி. ஷூ நடுவிலும் நுழையும், கடைசியிலும் நிற்கும். இப்போது ‘யுவர் ஷூஸ்’ என்பதற்குப் பதில் ‘தெம்’ என்ற சுட்டுப்பெயரை வையுங்கள்.

“டேக் தெம் ஆஃப்.” சரி.
“டேக் ஆஃப் தெம்.” தவறு.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள சின்னப் பிள்ளைகூட இரண்டாவதைச் சொல்லாது. அந்தப் பிள்ளைக்கு இலக்கண விதி தெரியாது. கேட்டால் சொல்லவும் தெரியாது. ஆனால் காது ஏற்காது.

ஏன் இப்படி? ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசி இடம் ஒரு மதிப்பான இடம். புதுச் செய்தியும் குரலின் அழுத்தமும் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். ‘தெம்’ என்பதோ ஏற்கெனவே இருவருக்கும் தெரிந்த ஒன்றைச் சுட்டும் மெலிந்த சொல். பேச்சில் அதைப் பாதி விழுங்கி ‘எம்’ என்பார்கள். அதற்கு அந்த மதிப்பான இடம் பொருந்தாது. ‘ஆஃப்’ அங்கே போய் நிற்கிறது.

நேர்மாறாக, பொருள் நீளமாக இருந்தால் அதை நடுவில் வைப்பது தொல்லை. சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த, மேலே நீலக்கோடு போட்ட, லேஸ் அறுந்த அந்த ஷூவைக் கழற்று என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘டேக்’ சொல்லிவிட்டு, மாமா, சிங்கப்பூர், நீலக்கோடு, லேஸ் எல்லாம் முடித்து ‘ஆஃப்’ வருவதற்குள் கேட்பவருக்கு எந்த ‘டேக்’ என்றே மறந்துபோகும். அப்போது ‘டேக் ஆஃப்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டு நீளமானதைப் பின்னால் தள்ளுவதே நல்லது. சிறியது முன்னே, பெரியது பின்னே என்னும் இந்தப் போக்கு பல மொழிகளில் இருப்பதை ஜெர்மானிய மொழியியலாளர் ஓட்டோ பெஹாகெல் 1909-இல் எழுதினார்.

நம் ஊரில் இந்தச் சோதனையில் அதிகம் தோற்பது ‘பிக் அப்’. “ப்ளீஸ் பிக் அப் மீ அட் ஃபைவ்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். ‘மீ’ சுட்டுப்பெயரைப் போலவே மெலிந்த சொல், அது நடுவில்தான் நிற்க வேண்டும்: “பிக் மீ அப்.” மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் “ஸ்விட்ச் இட் ஆஃப்.” நோட்டை ஒப்படைத்தாயா என்று கேட்டால் “ஐ ஹேண்டட் இட் இன்.”

‘ஆஃப்’ யாருடையது?

சோதனை சுலபம் என்று நினைத்தீர்களானால் இதைப் பாருங்கள்.

“கெட் ஆஃப் த பஸ்.” பஸ்ஸிலிருந்து இறங்கு.

அதே ‘ஆஃப்’தான். ஷூவை நடுவில் நுழைத்ததுபோல் பஸ்ஸை நுழைத்து “கெட் த பஸ் ஆஃப்” என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘இட்’ போட்டாலும் “கெட் ஆஃப் இட்” என்றுதான் வரும், ‘இட்’ கடைசியில்தான் நிற்கும். இப்போதுதானே மெலிந்த சொல் கடைசியில் நிற்காது என்றோம்?

விடை தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் உண்டு என்று படித்தோமே, பஸ்ஸிலிருந்து இறங்கினான், மரத்திலிருந்து விழுந்தது. “கெட் ஆஃப் த பஸ்” என்பதில் ‘ஆஃப்’ அந்த ‘இலிருந்து’ வேலையைச் செய்கிறது. அது பஸ்ஸுக்குச் சொந்தம். பஸ் எங்கும் விலகிப் போகவில்லை; விலகுவது நீங்கள், பஸ் விட்டு வந்த இடம். தமிழில் ‘பஸ்’ஸையும் ‘இலிருந்து’ என்பதையும் பிரிக்க முடியாது. ஆங்கிலத்திலும் இங்கே ‘ஆஃப்’பையும் பஸ்ஸையும் பிரிக்க முடியாது.

“டேக் ஆஃப் யுவர் ஷூஸ்” அப்படி இல்லை. ஷூவிலிருந்து எதுவும் விலகவில்லை. விலகுவதே ஷூதான், எதிலிருந்து என்றால் காலிலிருந்து, காலை யாரும் சொல்லக்கூட இல்லை. ஆகவே இந்த ‘ஆஃப்’ ஷூவுக்குச் சொந்தமில்லை, ‘டேக்’குக்குச் சொந்தம். சொந்தக்காரரோடு சேர்ந்தும் நிற்கலாம், தள்ளியும் நிற்கலாம்.

அப்படியானால் உண்மையான கேள்வி, விலகுவது எது என்பதுதான். சிறுசொல்லுக்குப் பின்னால் வரும் பொருளே நகர்கிறதா, அல்லது அது நகர்வு தொடங்கிய இடமா? என்னைக் கேட்டால், நாற்பது ஃப்ரேசல் வெர்ப் மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு கேள்வி லாபம். “த லிட் கேம் ஆஃப் த பாட்டில்”, மூடி பாட்டிலிலிருந்து கழன்றது. விலகியது மூடி; பாட்டில் இடம். “டேக் ஆஃப் த லிட்”, மூடியைக் கழற்று. விலகுவது மூடியேதான், ஆகவே “டேக் இட் ஆஃப்.” வீட்டில் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், தெளிவாகிவிடும்.

எல்லாச் சிறுசொல்லும் இப்படி நகர்வைக் காட்டாது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். அங்கே எதுவும் எங்கும் போகவில்லை. “லுக் ஆஃப்டர் ஹர்” என்பதை உடைக்கவும் முடியாது. அந்த மாதிரி இடங்களில் இடம் மாற்றும் சோதனைதான் கைகொடுக்கும்.

எந்தத் துண்டுக்குக் காலம்?

தமிழ்ப் பேச்சில் ஃப்ரேசல் வெர்ப்புகள் நிறையக் குடியேறிவிட்டன, ஆனால் வேறு வேடத்தில். பஸ் பிரேக்டவுன். ஆஸ்பத்திரியில் செக்கப். கல்யாணத்துக்கு மேக்கப். போலீஸ் ஸ்டேஷனில் லாக்கப். வண்டியில் பிக்கப் இல்லை. எல்லாமே பெயர்ச்சொல்லாக வந்து சேர்ந்தவை. நாம் பின்னால் ஒரு ‘ஆச்சு’ அல்லது ‘பண்ணு’ போட்டுக்கொள்கிறோம்.

இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது காலை வாருகிறது. ‘பிரேக்டவுன் ஆச்சு’ என்று மனதில் ஓடுவதால் கை “த பஸ் பிரேக்டவுன்ட்” என்று எழுதிவிடும். காலம் காட்டும் வேலை எப்போதும் முதல் துண்டுடையது: “த பஸ் ப்ரோக் டவுன்.” விமானம் “டேக் ஆஃப்டு” ஆகாது, “டுக் ஆஃப்.” இப்போது கிளம்பிக்கொண்டிருந்தால் “டேக்கிங் ஆஃப்”, கிளம்பியாகிவிட்டது என்றால் “ஹேஸ் டேக்கன் ஆஃப்.” சிறுசொல் மூன்று காலத்திலும் சிறுசொல்லாகவே இருக்கும்.

பெயரா வினையா என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பெயர்ச்சொல்லாக ‘டேக்ஆஃப்’ என்று சொல்லும்போது அழுத்தம் ‘டேக்’ மேல் விழும். “த ப்ளேன் டுக் ஆஃப்” என்று வினையாகச் சொல்லும்போது ‘ஆஃப்’ ஓங்கும். கிரிக்கெட் வர்ணனையிலும் விமான அறிவிப்பிலும் இதைக் கவனித்துக் கேளுங்கள். ஆங்கிலம் கேட்கும்போது நாம் பொருளையே துரத்துவதால் இந்த ஏற்ற இறக்கம் காதில் விழாமல் போய்விடுகிறது.

வைக்கிங்குகள் கொண்டுவந்த ‘டேக்’

‘டேக்’ ஆங்கிலேயர்களின் பழைய சொல்லே அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘எடு’ என்பதற்கு ‘நிமன்’ என்ற சொல் இருந்தது. கடல்வழி வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் ‘டாகா’. நாளடைவில் ‘டாகா’ ஜெயித்தது, ‘நிமன்’ ஒழிந்தது. ஒழிந்தாலும் அடையாளம் விட்டுப் போயிருக்கிறது: மரத்துப்போவதற்குச் சொல்கிறோமே ‘நம்ப்’, அது ‘நிமன்’ வழி வந்ததுதான். உணர்ச்சி எடுக்கப்பட்டது என்று பொருள்.

‘தெம்’ என்பதும் நார்ஸ் மொழி தந்தது. “டேக் தெம் ஆஃப்” என்ற மூன்று சொல்லில் இரண்டு வந்தேறி. மிச்சமிருக்கும் ‘ஆஃப்’ மட்டும் ஊர்க்காரர். அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு ‘எஃப்’ போட்டு எழுதும் ‘ஆவ்’வும் இரண்டு ‘எஃப்’ போட்டு எழுதும் ‘ஆஃப்’பும் முன்னொரு காலத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்ன உச்சரிப்பு தனியே பிரிந்து தனிச்சொல் ஆகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் இரண்டும் எழுத்தில் முழுதாகப் பிரிந்தன. அந்த இரண்டையும் மாற்றிப் போட்டு மதிப்பெண் இழந்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

அயலார் ஆங்கிலம் கற்கும்போது இந்த இரட்டைச் சொற்களில்தான் சிக்குகிறார்கள் என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் பிரபலமானதோ வெகுநாள் கழித்து, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய புத்தகத்தின் வழியாக. பெயரைத் தமக்குச் சொன்னவர் ஹென்றி பிராட்லி என்று அவர் அதில் எழுதியிருக்கிறார்.

மூளை என்ன நினைக்கிறது?

‘டேக் ஆஃப்’ ஒரு சொல்லா, இரண்டா? நடுவில் ஷூவை நுழைக்க முடிகிறது, அப்படியானால் இரண்டு. பொருளோ ஒன்றுதான், அப்படியானால் ஒன்று. காகிதத்தில் இதைத் தீர்க்க முடியாது என்று, பெர்ட் கப்பெல், யூரி ஷ்டிரோவ், ஃப்ரீடெமான் புல்வர்முல்லர் என்னும் மூன்று ஆய்வாளர்கள் மூளையையே கேட்டார்கள். அவர்கள் கட்டுரை 2010-இல் வந்தது.

நரம்புச் செல்களில் மின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றி மிக நுண்ணிய காந்தப்புலம் உண்டாகும். பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு சிறியது. அதையும் அளக்கும் கருவி உண்டு, பெயர் மெக். அதன் உணரிகளைத் திரவ ஹீலியத்தில், சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். கருவிக்கு அடியில் தலையை வைத்து அசையாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஊசி கிடையாது, வலி கிடையாது.

ஆங்கிலத்தில் ‘ஹீட் அப்’ உண்டு, ‘கூல் டவுன்’ உண்டு. ‘கூல் அப்’ கிடையாது. உள்ளதையும் இல்லாததையும் கேட்கவைத்து மூளை எப்படித் துடிக்கிறது என்று பார்த்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் வைத்த பந்தயம். இதே மாதிரி முந்தைய சோதனைகளில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தது. பழக்கமான ஒரு சொல்லைக் கேட்டால், பொருளற்ற போலிச் சொல்லைக் கேட்பதைவிட மூளையின் துடிப்பு பெரியதாக இருக்கும். வாக்கிய அமைப்பில் தவறு இருந்தால் நேர்மாறு. தவறான தொடருக்குத்தான் பெரிய துடிப்பு. ஆகவே ‘ஹீட் அப்’ என்பதற்குப் பெரிய துடிப்பு வந்தால் மூளை அதை ஒரு சொல்லாக வைத்திருக்கிறது. ‘கூல் அப்’ என்பதற்குப் பெரிய துடிப்பு வந்தால், இரண்டு சொல்லை விதிப்படி கூட்டிப் பார்க்கிறது.

‘ஹீட் அப்’ ஜெயித்தது. நடுவில் ஆள் புகுந்தாலும், மூளையின் நினைவில் அது ஒற்றைச் சொல்லாகவே இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று.

தமிழிலும் இப்படி உண்டு. ‘கண்டுபிடி’ என்கிறோம். யாரும் முதலில் கண்டு, பிறகு ஓடிப் பிடிப்பதில்லை. தொலைந்த பேனாவைக் கண்டுபிடிக்கிறோம், கணக்குக்கு விடையைக் கண்டுபிடிக்கிறோம். ‘தள்ளிப்போடு’, ‘விட்டுக்கொடு’, ‘காட்டிக்கொடு’ எல்லாம் அதே வகை. தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை, ‘கொடு’ என்றால் தருவதுதானே, விட்டுக்கொடுத்தவன் எதைத் தந்தான் என்று கேட்டால் திணறத்தான் வேண்டும். நாமும் நடுவில் ஏதாவது நுழைக்கிறோமா? ‘கண்டேபிடிக்க முடியலை’ என்கிறோமே, ஒரு ‘ஏ’ நுழைந்துவிட்டது. ஆனால் பேனாவை நுழைக்க மாட்டோம். ‘கண்டு பேனாவைப் பிடி’ என்றால் அது வேறு கதை.

எத்தனை கற்றால் போதும்?

ஆயிரக்கணக்கான ஃப்ரேசல் வெர்ப்புகள் உண்டு. பயப்பட வேண்டாம். கார்ட்னர், டேவிஸ் என்னும் இருவர் 10 கோடிச் சொல் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற மொழித் தொகுப்பை அலசி 2007-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆங்கிலம் படிக்கும்போது சராசரியாக 150 சொல்லுக்கு ஒரு ஃப்ரேசல் வெர்ப் வரும். ஆனால் ‘கோ’, ‘கம்’, ‘டேக்’, ‘கெட்’ போன்ற 20 வினைச்சொற்களும் ‘அவுட்’, ‘அப்’, ‘ஆன்’, ‘ஆஃப்’ போன்ற 8 சிறுசொற்களும் மாறி மாறிச் சேர்ந்தே அவற்றில் பாதிக்கு மேல் வந்துவிடுகின்றன.

இன்னொரு பக்கம், தேவையில்லாத இடத்தில் சிறுசொல்லை ஒட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. சமாளிப்பதற்கு ‘கோப் அப் வித்’ என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். ‘கோப் வித்’ போதும். ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’, ‘புட் அப் வித்’ எல்லாம் காதில் விழுந்து விழுந்து, ‘கோப்’புக்கும் ஓர் ‘அப்’ கிடைத்துவிட்டது. தவறுதான், ஆனால் மூளை ஒப்புமை பார்த்துச் செய்த தவறு, சோம்பேறித்தனத்தால் வந்தது அல்ல. ‘பாஸ் அவுட்’ வேறு கதை. படிப்பை முடித்தேன் என்பதற்கு இந்தியாவில் “ஐ பாஸ்டு அவுட்” என்பார்கள். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்குப் பாஸிங் அவுட் பரேட் நடக்குமே, அந்தப் பொருளில். வெளிநாட்டில் சொன்னால் தண்ணீர் தெளிக்க ஓடி வருவார்கள். அங்கே அதற்கு ‘மயங்கி விழுந்தேன்’ என்றே முதலில் பொருள்படும்.

உங்களுக்கு ஒரு சோதனை

2019 உலகக் கோப்பை அரையிறுதி, ஜூலை 10, மான்செஸ்டர். தோனி இரண்டாவது ரன்னுக்கு ஓடி வருகிறார். மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் படுகிறது. 50 ரன்னில் தோனி ரன் அவுட். அன்று டிவிக்கு முன்னால் இருந்த பெரியவர்களிடம் கேளுங்கள், இன்றும் வருத்தப்படுவார்கள்.

இதை ஆங்கிலத்தில் எழுத நான்கு பேர் முயன்றார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

“கப்டில் ரேன் தோனி அவுட்.”
“கப்டில் ரேன் அவுட் ஹிம்.”
“தோனி வாஸ் ரன் அவுட்.”
“தோனி ரேன் அவுட்.”

ஒன்று தவறு, எது என்று மெலிந்த சொல்லை வைத்துக் கண்டுபிடியுங்கள். இன்னொன்று வாக்கியமாகச் சரி, ஆனால் ஆட்டமிழந்ததைச் சொல்லவில்லை. அதில் தோனி என்ன செய்கிறார் என்று ‘எதை?’ கேட்டுப் பாருங்கள். மீதி இரண்டில் ஒன்றில் ‘ரேன்’ வருகிறது, மற்றதில் ‘ரன்’ வருகிறது. காலம் காட்டும் துண்டு ஏன் மாறியது?

முடித்ததும் கடைசியாக ஒன்று: “மை பென் ரேன் அவுட் ஆவ் இங்க்.” என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. இங்கே சிறுசொல் இரண்டு. ‘இங்க்’கை நடுவில் நுழைக்க முடியுமா? ‘ஆவ்’ யாருக்குச் சொந்தம், மைக்கா, ‘ரேன்’னுக்கா?